அணுவும் அணுவிரதமும்

அறச் சொற்பொழிவுகளிலும் விழா மலர்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "இன்றைய விஞ்ஞானம் கண்டவற்றையெல்லாம் நம் முனிவர்கள் அன்றே கண்டு சொல்லிவிட்டார்கள்" என்பது அது. சொல்பவருக்கும் பெருமை, கேட்பவருக்கும் மகிழ்ச்சி. இதை எழுதும் நாமும் பல ஆண்டுகள் வகுப்பறையில் இவ்வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறோம். அது சத்திய விரதத்துக்குப் பொருந்துமா என்ற ஐயம், பணி ஓய்வு பெற்ற பிறகே நம்மை உறுத்தத் தொடங்கியது.

சாத்திரத்தின் பெருமைக்காகச் சொல்லப்படும் மிகை, பொய்யின் கணக்கில் சேருமா, சேராதா? இக்கேள்வியையே இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம். அதற்கு எடுத்துக்கொண்ட பொருள் அணுக்கரு. அறக் கேள்விக்கும் அணுக்கருவுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். ஒரு மாணவன் கேட்ட கேள்வியே அந்தத் தொடர்பை உண்டாக்கியது.

கரிசல் மண்ணில் ஒரு வகுப்பு

நமது பிறந்த ஊர் வந்தவாசிப் பக்கம். ஆசிரியப் பயிற்சி முடித்ததும் பணி கிடைத்தது தெற்கே, அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட வானம் பார்த்த பூமியில். ஏரியும் நெல் வயலும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்நிலம் முதலில் அச்சத்தையே தந்தது. கறுத்த மண், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு, கண்மாய்க்குள் நீரைக் காட்டிலும் சீமைக்கருவேல முள்ளே மிகுதி. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் உண்டு. பெய்யாவிட்டால் தறியும் கூலியுமே கதி.

ஆயினும் அது நமக்கு அயலான மண்ணன்று என்பதைப் பின்னர் அறிந்தோம். காரியாபட்டிப் பக்கத்தில் உள்ள குரண்டியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் திருக்காட்டாம்பள்ளி என்னும் பெயருடைய நம் சமணப் பள்ளி விளங்கியது. திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்துக் கோயிற் கற்களில் அதன் பெயர் காணப்படுகிறது. மதுரைக்கு அருகிலுள்ள சமணர்மலைக் கல்வெட்டுகளில், குரண்டி அட்டோபவாசி படாரரின் மாணாக்கர் குணசேனதேவர் என ஆசிரியரும் மாணாக்கரும் சேர்த்தே குறிக்கப்படுகின்றனர். ஆசிரிய மாணாக்க உறவைக் கல்லில் வெட்டிவைத்த மண்ணில் நாமும் ஆசிரியராக வந்தோம் என்ற பெருமிதம் நமக்கு உண்டாயிற்று. அந்தப் பெருமிதமே நம்மைச் சறுக்கவும் வைத்தது.

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் கற்பித்து வந்தோம். பொருள்கள் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைகின்றன என்று சொல்ல, வகுப்புக்குக் கரிசல் மண்ணைக் கொண்டுபோவது நம் வழக்கம். உலர்ந்த மண்ணைக் கையில் எடுத்து ஊதினால் புழுதியாகப் பறக்கும். நாலு துளி நீர் விட்டுப் பிசைந்தால் விரலை விடாமல் ஒட்டும். இதைக் காட்டிவிட்டு, "பரமாணுக்கள் நெய்ப்பாலும் வறட்சியாலும் பிணைகின்றன என்று எங்கள் சாத்திரம் சொல்கிறது, அதைத்தான் இன்று நேர்மின்சுமை, எதிர்மின்சுமை என்கிறார்கள்" என்று முடிப்போம். கேட்ட பிள்ளைகள் பெரும்பாலும் வேற்றுச் சமயத்தார். தத்துவார்த்த சூத்திரம் எது, அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்து கொள்ள அவர்களுக்கு வழியில்லை.

1983ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கல்பாக்கத்தின் முதல் அணு உலை தொடர்வினை நிலையை எட்டியது. செய்தித்தாளில் வந்த அச்செய்தியைப் பற்றி வகுப்பில் பேசினோம். அணுவின் நடுவில் அணுக்கரு, அதில் நேர்மின்சுமையுள்ள புரோட்டான்கள், மின்சுமை இல்லாத நியூட்ரான்கள் என்று கரும்பலகையில் வரைந்தோம். அப்போது நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து நின்றான்.

"டீச்சர், ஒரே மாதிரி மின்சுமை ஒன்றையொன்று தள்ளும் என்று போன வாரம் சொன்னீர்கள். அணுக்கருவில் எல்லாம் நேர்மின்சுமைதானே? அது ஏன் சிதறிப் போகவில்லை?"

அக்கேள்விக்கு விடை நமக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. "புரோட்டான் நெய்ப்பு, நியூட்ரான் வறட்சி. அதனால் பிணைந்திருக்கின்றன. இதை எங்கள் முனிவர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள்" என்றோம். பையன் உட்காரவில்லை. "நியூட்ரானுக்குத்தான் மின்சுமையே கிடையாதே, டீச்சர்?" என்றான். "அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம், உட்கார்" என்று அதட்டினோம். அவன் உட்கார்ந்தான்.

அன்று சொல்லியிருக்க வேண்டியது

அந்தச் சிறுவன் கேட்டது சிறுபிள்ளைக் கேள்வியன்று. நியூட்ரான் கண்டறியப்பட்ட காலத்தில் உலகின் தலைசிறந்த பௌதிக அறிஞர்கள் தம்மைத்தாமே கேட்டுக்கொண்ட கேள்வி அதுவே. அவனுக்கு அன்று தந்திருக்க வேண்டிய விடையைப் பின்னர் நூலகத்தில் அமர்ந்து தேடிப் படித்தோம். அதனை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

1909இல் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய பொன் தகட்டின்மேல் ஆல்ஃபாத் துகள்களைச் செலுத்தினர். மிகப் பல நேரே சென்றன; மிகச் சில வந்த வழியே திரும்பின. அதிலிருந்து அணுவின் நடுவே மிகச் சிறிய, மிகக் கனமான கரு ஒன்று உண்டு என்று ரூதர்ஃபோர்டு 1911இல் முடிவு கண்டார். கருவைக் கடுகளவாகக் கொண்டால் அணு ஒரு பெரிய விளையாட்டுத் திடலின் அளவாகும். ஆனால் அணுவின் நிறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதே முக்கால் பங்குக்கும் மேல் அந்தக் கடுகுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். கருவின் உறுப்பினர் யாவர் என்பது அத்துடன் தெளிவாயிற்று. அவர்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது எது என்பது மட்டும் விளங்கவில்லை.

விலக்கு விசை சிறிதன்று. அணுக்கருவுக்குள் அடுத்தடுத்து இருக்கும் இரு புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் விசை, நாம் ஆறு கிலோ அரிசிப் பையைத் தூக்கச் செலுத்தும் விசைக்கு ஏறத்தாழச் சமம். கண்ணுக்கு எட்டாத நுண்துகளின்மேல் இத்தனை விசை! இதையும் மீறிப் பிடித்துவைக்க வேறொரு வலிய விசை இருந்தாக வேண்டும். 1935இல் ஜப்பானிய அறிஞர் யுக்காவா அவ்விசைக்கு ஒரு விளக்கம் கூறி, அதனைத் தாங்கிச் செல்லும் ஒரு துகள் இருக்க வேண்டும் என்று கணித்தார். 1947இல் அத்துகள் கண்டறியப்பட்டது. இந்த அணுக்கரு விசைக்கு மின்சுமை ஒரு பொருட்டன்று. புரோட்டானையும் நியூட்ரானையும் அது ஏறத்தாழ ஒன்று போலவே பிடிக்கிறது. நாம் வகுப்பில் சொன்ன விடை எத்தனை பிழையானது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

இவ்விசைக்கு ஓர் எல்லையும் உண்டு. மிக நெருங்கிய அண்டைத் துகளையே அது பற்றும். சற்று விலகினால் அற்றுவிடும். மின் விலக்கமோ கருவிலுள்ள எல்லாப் புரோட்டான்களுக்கும் இடையே நடக்கிறது. வட்டமாக நின்று கைகோத்துக் கும்மியடிக்கும் பெண்களை நினைத்துப் பார்க்கலாம். கைப்பிடி பக்கத்தில் நிற்பவரோடு மட்டுமே. சண்டை மூண்டால் அதன் இரைச்சல் வட்டம் முழுவதற்கும் கேட்கும். வட்டம் பெருகப் பெருகக் கைப்பிடியின் வலிமை ஒருவருக்கு அவ்வளவேதான். இரைச்சலோ பெருகிக்கொண்டே போகும். ஆகையால் பெரிய அணுக்கருக்களில், சண்டையில் சேராமல் கை மட்டும் கொடுக்கும் நியூட்ரான்கள் கூடுதலாக வேண்டியிருக்கின்றன. ஈயத்தின் ஒரு வகையில் புரோட்டான் 82, நியூட்ரான் 126. யுரேனியத்தில் 92ம் 146ம். யுரேனியக் கருவால் நிலைத்து நிற்க முடிவதில்லை, தானே சிதைகிறது. அதன் மற்றொரு வகையில் நியூட்ரான் ஒன்று புகுந்தால் கரு இரண்டாகப் பிளக்கிறது. 1938 இறுதியில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் சோதனையில் கண்ட இந்தப் பிளவுக்கு, லீஸ் மைட்னர் என்ற அம்மையார் தம் மருமகன் முறையான ஃபிரிஷுடன் சேர்ந்து விளக்கம் கண்டார். 1944ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு ஹானுக்கு மட்டுமே தரப்பட்டது. கல்பாக்கத்திலும், 2013 முதல் கூடங்குளத்திலும் மின்சாரமாக மாறுவது இப்பிளவில் பிறக்கும் வெப்பமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்தது ஹீலியத்தின் கரு. நான்கையும் தனித்தனியே நிறுத்தால் வரும் நிறையைக் காட்டிலும், சேர்ந்த கருவின் நிறை ஆயிரத்தில் ஏழெட்டுப் பங்கு குறைவு. குறைந்த நிறை, பிணையும்போது ஆற்றலாக வெளியேறிவிடுகிறது. தனித்துவிடப்பட்ட நியூட்ரான்களில் பாதி, ஏறத்தாழப் பத்து நிமிடங்களில் சிதைந்துவிடும். அதே நியூட்ரான் நிலையான கருவுக்குள் இருக்கும்போது சிதைவதில்லை. இவற்றைப் படித்தபோது, சேர்ந்து வாழ விட்டுக்கொடு, கூட்டத்தை விட்டால் கேடு என்று உடனே ஒரு நீதி சொல்ல நம் நாக்கு துடித்தது. ஆசிரியரின் நாக்கு அப்படித்தான். ஆனால் நம் சமயத்தில் பிணைப்பு என்பது களைய வேண்டிய பந்தம்; தனித்து நிற்பதே முத்தி. அணுக்கருவிடம் நீதி கேட்டால், கேட்பவர் விரும்பும் நீதியையே அது சொல்லும். அது நமக்குச் சான்று சொல்லவும் வரவில்லை, எதிர்த்து நிற்கவும் வரவில்லை.

பரமாணுவும் பாடநூல் அணுவும்

இனிச் சாத்திரம் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குந்தகுந்தாச்சாரியாரின் பஞ்சாஸ்திகாயமும் உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரமும் பரமாணுவைத் தெளிவாகவே வரையறுக்கின்றன. அது புற்கலத்தின் இறுதிக் கூறு. மேலும் பிளக்க இயலாதது. ஒரு நிறம், ஒரு சுவை, ஒரு மணம், இரண்டு தொடு குணங்கள் உடையது. பரமாணுக்கள் நெய்ப்பாலும் வறட்சியாலும் பிணைந்து கந்தங்களாகின்றன. மிகக் குறைந்த அளவு குணமுடையவை பிணைவதில்லை. குண அளவில் இரண்டு மிகுந்தவற்றோடு பிணைப்பு நேரும் என்று விதியும் வகுக்கப்பட்டிருக்கிறது. பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் மின்னல், மேகம், வானவில் முதலியவற்றை, நெய்ப்பு வறட்சிகளால் இயற்கையாக நேரும் பிணைப்புக்கு எடுத்துக்காட்டுகளாகத் தருகிறார்.

மின்னலைப் பார்த்து அதில் ஈரம், வறட்சி என்னும் இருமையை உணர்ந்த அந்தச் சிந்தனை வியக்கத்தக்கதே. எல்லாப் பொருளும் ஒரே இனப் பரமாணுக்களால் ஆனது. மண்ணுக்கு ஓர் அணு, நீருக்கு வேறோர் அணு என்ற பிரிவு இல்லை என்று வைசேடிகரினின்றும் வேறுபட்டுச் சொன்ன துணிவும் வியக்கத்தக்கதே. இப்பெருமைகளைச் சொல்ல நமக்கு எந்த மிகையும் தேவைப்படவில்லை.

குழப்பம் எங்கிருந்து வந்தது? சொல்லிலிருந்து வந்தது. மேனாட்டு வேதியியல் இங்கே வந்தபோது, தனிமத்தின் மிகச் சிறிய கூறுக்குத் தமிழில் பெயர் தேவைப்பட்டது. நம் பழைய தத்துவங்களில் ஆயத்தமாக இருந்த 'அணு' என்ற சொல் எடுத்துக்கொள்ளப்பட்டது. பெயர் ஒன்றாகவே, பொருளும் ஒன்று என்று நினைத்துவிட்டோம். ஆனால் பாடநூலின் அணு பிளக்கப்பட்டுவிட்டது. அதன் கரு பிளக்கப்பட்டது. கருவிலுள்ள புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே குவார்க்குகள் இருக்கின்றன என்பதும் 1968க்குப் பின் சோதனையால் வலுப்பெற்றது. ஆகவே பாடநூல் அணுவையோ அணுக்கருவையோ புரோட்டானையோ 'எங்கள் பரமாணு' என்று சொன்னால், பிளக்க இயலாதது என்ற சாத்திர இலக்கணத்தை நாமே மறுத்தவராகிறோம். சாத்திரத்தின் நடையில் சொல்ல வேண்டுமானால் இவையெல்லாம் கந்தங்கள். விஞ்ஞானத்துக்கு மட்டுமன்றிச் சாத்திரத்துக்கும் நாம் அநீதி செய்தோம் என்பது அப்போதுதான் விளங்கியது.

மிகையின் பக்கத்து வாதம்

இதற்கு மறுமொழியாகச் சொல்லக்கூடியதையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். நம் சமூகம் சிறியது. பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் தொலைதூரம் செல்கிறார்கள். ஜினாலயத்துக்கு வரும் நாட்கள் குறைகின்றன. பாடசாலையில் சொல்லும் பத்து நிமிடப் பேச்சில், 'உங்கள் சமயம் விஞ்ஞானத்துக்கு முன்னோடி' என்று கேட்டால் ஒரு பையனாவது தலைநிமிர்வான் அல்லவா? அதனால் யாருக்கு இம்சை? இவ்வாறு நம் உறவினர் ஒருவரே நம்மிடம் கேட்டார். அவர் சொன்னதில் அன்பும் கவலையும் இருந்தன. அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் விஞ்ஞானத்தின் முடிவுகள் மாறிக்கொண்டே இருப்பவை. பிஸ்மத் என்ற உலோகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் அணுக்கரு என்றும் சிதையாது என்றே நாம் படித்தோம், அப்படியே கற்பித்தோம். 2003இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் அதுவும் சிதைகிறது என்று கண்டார்கள். அதில் பாதி சிதைவதற்கு ஆகும் காலம், இப்பிரபஞ்சத்தின் வயதைப்போல் நூறு கோடி மடங்குக்கும் மேல்! இத்தனை மெல்லிய மாற்றத்தைக்கூடக் கண்டதும், பழைய கூற்றைத் திருத்தி எழுதிவிட்டார்கள். அதற்காக யாரும் வெட்கப்படவில்லை. திருத்திக்கொள்வதே அவர்கள் துறையின் ஒழுக்கம். அத்தகைய மாறும் கூற்றோடு என்றும் உள்ள சாத்திரத்தைக் கொண்டுபோய்க் கட்டினால், கூற்று மாறும் நாளில் சாத்திரமும் சேர்ந்து விழும். அன்று தலைநிமிர்ந்த பையன், கல்லூரியில் உண்மையைக் கற்கும் நாளில், "இதில் பொய் சொன்னவர்கள் எதில்தான் சொல்லியிருக்க மாட்டார்கள்?" என்று கேட்பான். அப்போது அஹிம்சையைப் பற்றி நாம் சொன்னதும் அவன் காதில் ஏறாது. மிகையால் நேரும் இம்சை இதுவே.

அனேகாந்தத்தை இதற்குத் துணைக்கு அழைப்பாரும் உண்டு. 'ஒரு நோக்கில் அதுவும் உண்மைதானே' என்பார்கள். ஆனால் 'ஸ்யாத்' என்ற சொல், எதையும் சொல்லலாம் என்பதற்கான உரிமைச்சீட்டன்று. எந்த நோக்கில், எந்த எல்லைக்குள் சொல்கிறோம் என்பதை வெளிப்படையாகக் கூறும்படி பேசுபவரைக் கட்டுப்படுத்தும் கயிறு அது. நாம் அன்று வகுப்பில் எந்த நோக்கையும் குறிக்கவில்லை. எந்த எல்லையையும் சொல்லவில்லை.

கோத்தாரியின் வழி

இவ்விடத்தில் நம் சமயத்தைச் சேர்ந்த அறிஞர் ஒருவரை நினைவுகூர்வது தகும். டாக்டர் தௌலத் சிங் கோத்தாரி 1906இல் உதயப்பூரில் பிறந்தவர். அலகாபாத்தில் மேகநாத் சாகாவிடம் பயின்று, கேம்பிரிட்ஜில் ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றித் திரும்பியவர். 1948 முதல் பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகர். 1964 முதல் 1966 வரை அவர் தலைமையில் இயங்கிய கல்விக் குழுவின் பெயரை ஆசிரியப் பயிற்சி பெற்ற எவரும் மறந்திருக்க முடியாது. நாமும் அதைப் படித்தே தேர்வு எழுதினோம். 1993இல் மறைந்தார்.

அணுகுண்டு குறித்து உலகெங்கும் அச்சமும் வதந்தியும் பரவியிருந்த 1956இல், அணு வெடிப்புகளையும் அவற்றின் விளைவுகளையும் பற்றி அவர் முன்னின்று எழுதிய நூலை இந்திய அரசு வெளியிட்டது. நேரு அதற்கு முன்னுரை எழுதினார். வெப்பம், அதிர்ச்சி, கதிர்வீச்சு என ஒவ்வொன்றையும் அளவு குறித்து விளக்கும் நூல் அது. கொடிய பொருளைப் பற்றிப் பேசும்போதும் அளவு தவறாமல் பேசுவது அஹிம்சையின் ஒரு பகுதி என்றே நாம் கருதுகிறோம். மிகைப்படுத்தினால் மக்கள் அஞ்சி மடிவர். குறைத்துச் சொன்னால் அசட்டையால் மடிவர்.

நீல்ஸ் போரின் நூற்றாண்டை ஒட்டி 1985இல் வெளிவந்த தொகுப்பு நூலில், போரின் நிரப்புக் கோட்பாட்டையும் கீழைத் தத்துவங்களையும் ஒப்புநோக்கிக் கோத்தாரி ஒரு கட்டுரை எழுதினார். அதில் சியாத்வாதத்துக்கு முக்கிய இடம் உண்டு. அவர் ஒப்பிட்டது அறியும் முறையை. ஒரு பொருளை ஒரே கூற்றில் முழுதும் அடக்க முடியாது என்ற அடக்கத்தை இரு பக்கத்திலும் கண்டார். தம் சமயத்தின் பெருமையையும் சொன்னார். சத்தியத்துக்கும் குறை வைக்கவில்லை. நமக்கு முன்னால் இப்படி ஒரு வழி இருந்தும், நாம் வேறு வழியில் சென்றோம்.

மித்யோபதேசம்

இல்லறத்தார் ஏற்கும் விரதங்களுக்கு அணுவிரதம் என்று பெயர். இங்கும் அணு என்பதே சொல். சிறியது என்பது பொருள். துறவியின் மகாவிரதத்தில் ஒரு சிறு பங்கேனும் ஏற்றுக்கொள் என்பது கருத்து. சத்திய அணுவிரதத்துக்கு நேரும் ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது. பிறர் மறைபொருளை வெளியிடுதல், பொய்ப் பத்திரம் எழுதுதல், அடைக்கலப் பொருளை அபகரித்தல் முதலியன அவற்றில் உள்ளன. இவற்றுக்கெல்லாம் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது மித்யோபதேசம், அதாவது பிழையானதை உபதேசித்தல். பத்திரம் எழுதுவோரையும் வட்டிக்கடைக்காரரையும் பற்றியது இந்தச் சூத்திரம் என்று நாம் பலகாலம் நினைத்திருந்தோம். பட்டியலின் முதலிடத்தில் நிற்பவர் ஆசிரியர் என்று உணரவில்லை.

அதே நூல் ஞானாவரணீய வினை எவற்றால் வந்து சேர்கிறது என்றும் சொல்கிறது. ஞானத்தை மறைத்தல், ஞானத்துக்கு இடையூறு செய்தல் முதலியன அதற்குக் காரணங்கள். பிழையான விடை சொன்னது ஒரு குற்றம். 'உட்கார்' என்று அதட்டியது மற்றொரு குற்றம். இரண்டாவதே பெரிது என்று இன்று எண்ணுகிறோம். பிழையான விடையை அவன் வேறு நூலில் பார்த்துத் திருத்திக்கொள்ள முடியும். கேட்கும் துணிவை நாம் அவித்துவிட்டால், அதை ஏற்றித் தர எந்த நூலாலும் இயலாது.

இங்கே நோக்கத்தைச் சொல்லித் தப்பிக்க முடியுமா என்றும் யோசித்தோம். சாத்திரத்தின் மேலுள்ள பக்தியால்தானே சொன்னோம்? நெஞ்சைத் தொட்டுப் பார்த்தால், பக்தி பாதியே. தெரியாது என்று சொன்னால் நம் மதிப்புக் குறையும் என்ற மானமே மீதிப் பாதி. மானம் நான்கு கஷாயங்களில் ஒன்று என்று பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். சாத்திரத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு, சாத்திரத்தின் பின்னால் நாம் ஒளிந்துகொண்டோம்.

திருச்சுழிப் பேருந்தில்

சில ஆண்டுகளுக்கு முன், பழைய தோழி ஒருவரைப் பார்க்க அருப்புக்கோட்டை சென்றிருந்தோம். திருச்சுழி செல்லும் பேருந்தில் அமர்ந்திருக்கையில், நரை கண்ட ஒருவர் வந்து வணங்கி, "டீச்சர், என்னைத் தெரிகிறதா?" என்றார். அந்தப் பையன்தான். தறியை விட்டுப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறாராம். உடன் வந்த மகள் பத்தாம் வகுப்பு. "அணுக்கருப் பாடம் நடத்தினார்கள் என்றாள். நீங்கள் சொன்ன நெய்ப்பு, வறட்சியை நான் சொல்லிக்கொடுத்தேன். புத்தகத்தில் அப்படி இல்லை என்கிறாள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்" என்றார் பெருமையுடன்.

நமக்கு உடல் குன்றியது. நம் உடலில் உள்ள பொட்டாசியத்தில் ஒரு வகை, நாம் அறியாமலே ஒவ்வொரு நொடியும் சிதைந்துகொண்டிருக்கிறது. ஓர் ஆளின் உடலில் நொடிக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கருக்கள் இவ்வாறு மாறுகின்றன. அதன் அரை ஆயுளோ 125 கோடி ஆண்டுகள். நாம் சொன்ன பொய்யும் அப்படியே ஒரு வீட்டுக்குள் இருந்து, தகப்பனிடமிருந்து மகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா, அன்று நாம் சொன்னது தவறு. உங்கள் கேள்விதான் சரி. விடை நமக்குத் தெரியாமல் இருந்தது. உங்கள் மகளின் புத்தகத்தில் இருப்பதே சரி" என்று அந்தப் பெண்ணின் முன்னிலையிலேயே சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அன்றைக்கே எனக்குச் சந்தேகம் இருந்தது, டீச்சர். நீங்களே சொல்லிவிட்டீர்களே என்று விட்டுவிட்டேன்" என்றார்.

அந்தப் பெண் நம்மைப் பார்த்து, "அப்படியானால் கருவில் நியூட்ரான் எவ்வளவு வேண்டுமானாலும் சேரலாமா, டீச்சர்?" என்று கேட்டாள். வெறும் நியூட்ரான்கள் மிகுந்தாலும் கரு நிலைக்காது என்பது மட்டும் நமக்குத் தெரியும். ஏன் என்பதைச் சரியாகச் சொல்லும் அறிவு இல்லை. "நிலைக்காது என்று படித்திருக்கிறோம். காரணம் சரியாகத் தெரியவில்லை, அம்மா. பார்த்துச் சொல்கிறோம்" என்றோம். நாற்பது ஆண்டு தாமதமாகச் சொன்ன வாக்கியம் அது. வீடு திரும்பிய பின் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரிடம் கேட்டறிந்து, அவளுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினோம். ஒரே வகைத் துகள்கள் பெருகினால், கீழ்நிலைப் படிகளெல்லாம் நிரம்பிப் புதியவை மேற்படியில் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது. மேற்படியில் நிற்பது ஒரு நிலையில் கீழே மாறிவிடுகிறது என்று அதில் விளக்கினோம். கருவுக்குள் இப்படிப் படிகள் உண்டு என்று 1949இல் எடுத்துக்காட்டியவருள் ஒருவர் மரியா மேயர் என்ற அம்மையார். பல ஆண்டுகள் ஊதியமின்றியே ஆய்வு செய்தவர். 1963இல் நோபல் பரிசு பெற்றவர் என்றும் எழுதினோம்.

பாடசாலை நடத்தும் அன்பர்களுக்கும் வீட்டில் பிள்ளைகளுக்குச் சமயம் சொல்லித்தரும் தாய்மார்களுக்கும் நம் வேண்டுகோள் மூன்று. சாத்திரம் சொல்வதைச் சாத்திரம் சொல்கிறது என்றே சொல்லுங்கள். ஆய்வுக்கூடம் காட்டியதை ஆய்வுக்கூடம் காட்டியது என்றே சொல்லுங்கள். இரண்டும் ஒத்திருப்பதுபோல் தோன்றினால், எந்த அளவில் ஒத்திருக்கிறது, எங்கே பிரிகிறது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லுங்கள். கேள்வி கேட்கும் குழந்தையை ஒருபோதும் உட்கார வைத்துவிடாதீர்கள்.

குரண்டியில் ஆசிரியர்களும் மாணாக்கர்களும் அமர்ந்து கற்ற பள்ளி இன்று இல்லை. அங்கே என்ன கேள்விகள் எழுந்தன, என்ன விடைகள் சொல்லப்பட்டன என்று அறியவும் வழியில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் செய்த பிழையை எண்ணிப் பார்த்துத் திரும்பும் பிரதிக்கிரமணம் அவர்களுக்கும் விதி, நமக்கும் விதி. இக்கட்டுரையை நம் பிரதிக்கிரமணமாகக் கொண்டு வாசகர்கள் பொறுத்தருள வேண்டுகிறோம்.